படத்தில் கறுத்த கொடி

தை 14, புதன்

பூச்சி, உன் நோட்டில்தான் எழுதுகிறேன். முன்பக்கம் முழுக்க நீ எழுதிப் பழகிய அ, ஆ எல்லாம் கோணல் கோணலாக நிற்கின்றன. அதை அழிக்க மனம் வரவில்லை. பின்பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். எனக்கும் மிஷன் பள்ளிக்கூடத்து மூன்றாம் வகுப்புதான். தப்பு இருந்தால் சிரிக்காதே.

வாய்விட்டுப் பேசினால் பக்கத்துக் குடிசையில் சொர்ணத்தாயி கேட்டுவிட்டு அழுகிறாள். அவளுக்குப் பால் கொடுக்கிற உடம்பு. அதனால் எழுதுகிறேன்.

மலையை நடுவே பிளந்து ரயிலுக்கு வழி செய்கிற இடத்துக்கு நாம் வெட்டுவாய் என்று பேர் வைத்திருக்கிறோம். இது உனக்குத் தெரியும். தெரிந்ததைத்தான் எழுத வருகிறது. பாறையில் துளை போட்டு, மருந்து திணித்து, திரியில் நெருப்பு வைக்கும் முன் கம்பத்தில் சிவப்புக் கொடி ஏறும். ஏறினால் ஈ எறும்பு உள்ளே நிற்காது. வெடித்து, புகை அடங்கி, கொடி இறங்கின பிறகுதான் கூடைக்காரர்கள் கல் அள்ளப் போவார்கள். கொடி பாதி ஏறும்போதே முதல் ஆளாக ஓடி வருகிறவள் நீ. "பூச்சி பறந்து வந்துட்டா, இனி வெடி வெடிக்கும்" என்று ஆம்பளைகள் கேலி பண்ணுவார்கள்.

அப்படிப்பட்டவள் அன்றைக்கு எப்படி உள்ளே இருந்தாய் என்றுதான் எனக்குப் பிடிபடவில்லை.

தை ஒன்பதாம் தேதி வெடிக்கு மலையின் தோளே சரிந்து வெட்டுவாய் முனையையும் பக்கத்து ஓடையையும் மூடிவிட்டது. வெளியே ஓரமாக ஒதுங்கி நின்ற இரண்டு ஆம்பளைகள் மேல் கல் விழுந்தது. அவர்களைத் தூக்கிவிட்டார்கள். உன்னைத் தூக்கவில்லை. காலையில் நீ சிவப்புக் கட்டம் போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு, படம் பிடிக்கிற துரையோடும், துரை சொல்வதைத் தமிழில் சொல்கிற இன்னாசியோடும் போனாய். சாயங்காலம் அவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள்.

"எங்களுக்கு முன்னாலயே கெளம்பிட்டாளேம்மா" என்றார் இன்னாசி. என் முகத்தைப் பார்க்காமல், என் அடுப்பைப் பார்த்துச் சொன்னார்.

தை 15

கல் உடைத்தேன். கஞ்சி இறங்கவில்லை.

தை 18, ஞாயிறு

வெயில்முத்து மேஸ்திரியிடம் போனேன். நாற்காலியில் உட்கார்ந்து நாவிதரிடம் முகம் சிரைத்துக்கொண்டிருந்தார்.

"எம் புள்ளைய எடுத்துக் குடுங்க மேஸ்திரி."

"எந்தப் புள்ளைய?"

"நான் எத்தனை புள்ள வச்சிருக்கேன்?"

"இங்க பாரு உலகம்மா. அன்னைக்கு அவ எங்கிட்ட வேலை பாக்கல. படத்துக்காரன் கூட்டிட்டுப் போனான். எங்கிட்ட செத்தது ரெண்டு ஆம்பள, ரெண்டையும் எடுத்து எரிச்சாச்சு. உம் புருசன் கொழும்புக்குப் போனானே, அவங்கிட்டயிருந்து ஒரு தபால் உண்டுமா? அப்பன் புத்தி மவளுக்கு. எவங்கூடயோ எறங்கிப் போயிருப்பா."

சொர்ணத்தாயி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்திருக்கிறாள். "யண்ணாச்சி, பாதி மூஞ்சிதான் செரச்சிருக்கீரு. வாயவும் சேத்துச் செரச்சுட்டு வந்து பேசும்" என்றாள். நாவிதரே சிரித்துவிட்டார். மேஸ்திரி சிரிக்கவில்லை. சொர்ணத்தாயியின் புருஷனுக்கு நாளையிலிருந்து துளை போடுகிற வேலை இல்லை, தண்ணீர் சுமக்கிற வேலையாம்.

தை 24

பதினாறாம் நாள் என்று சொர்ணத்தாயி எண்ணி வைத்திருக்கிறாள். "ரெண்டு பேரைக் கூப்ட்டு எண்ணெயும் தண்ணியும் வச்சுருவோம் மைனி, அவ ஆத்துமா அலையக் கூடாது" என்றாள். முகத்தைப் பார்க்காமல் எதற்கு எண்ணெய்? முடியாது என்றுவிட்டேன். அவள் கோபித்துக்கொண்டு போய், பொழுது சாய்ந்ததும் குழம்பு கொண்டுவந்தாள்.

அவள் பிள்ளைக்குப் பல் முளைக்கிறது. கூலிக் குடிசையில் பிறந்தவன் என்று ரயில்முத்து என்றே கூப்பிடுகிறார்கள். "மேஸ்திரி வெயில்முத்து, எம் மவன் ரெயில்முத்து" என்று அவள் சொல்லும்போது நீ விழுந்து விழுந்து சிரிப்பாயே. இன்றைக்கு அவன் உன் பழைய கூடையைப் பிடித்து எழுந்து நின்றான்.

தை 27

உடுத்தியிருந்ததைத் துவைத்துப் போட்டிருந்ததால், வேறு வழியில்லாமல் என் கட்டச் சேலையை எடுத்துக் கட்டினேன். ஐப்பசியில் நாம் எடுத்த இணைச் சேலை. ஒரே பாவில் ஓட்டி நடுவில் அறுத்து, தாய்க்கு ஒன்று மகளுக்கு ஒன்று என்று நெசவுக்காரர் கொடுத்தது. வீட்டுக்கு வந்ததுமே நீ உன்னுடையதில் முந்தி ஓரத்தை ஒரு முழம் கிழித்துக் கூடைக்கு அடியில் தலையில் வைக்கச் சும்மாடு பண்ணிக்கொண்டாய். நான் வைதேன். "தலையும் சேலைதான் கட்டட்டுமே" என்றாய்.

தண்ணீர்க் குடத்தோடு நான் போகும்போது பின்னால் இன்னாசி வந்தார் போலிருக்கிறது. "ஏசுவே!" என்று ஒரு சத்தம். திரும்பினால் அந்த மனிதர் வெளுத்துப்போய் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"நீங்களாம்மா" என்றார். "பின்னாலருந்து பாத்தா... அதே நடை."

என் மகள் என் நடையைத்தானே நடப்பாள்.

மாசி 2

இன்னாசியும் மேஸ்திரியும் சேர்ந்து வந்தார்கள். இதுவரை மேஸ்திரி என் குடிசைக்கு வந்ததில்லை.

விஷயம் இதுதான். துரை எடுக்கிற படம் சீமையில் ஓடப் போகிறதாம். ரயில் பாதை எப்படி உண்டாகிறது என்று காட்டுகிற படம். ஆனால் வெறும் கல்லையும் மண்ணையும் காட்டினால் ஆள் உட்காராது என்று, ஒரு கூடைக்காரப் பெண்ணை முதலிலிருந்து கடைசி வரை கூடவே காட்டுகிறார்கள். அந்தப் பெண் நீ. முதல் கூடை மண் எடுத்தது நீ. பாலத்தின் மேல் கடைசிக் கூடையோடு நடந்து அக்கரைக்குப் போக வேண்டியதும் நீ. அது ஒன்றுதான் பாக்கி.

"முகம் வேண்டாம்மா. முதுகு மட்டும் போதும்" என்றார் இன்னாசி. "நீங்க நடந்தா யாருக்கும் தெரியாது."

நான் மேஸ்திரியைப் பார்த்தேன். "நடந்தா எம் புள்ளைய எடுத்துத் தருவீகளா?"

"பாலத்துப் படம் முடியட்டும். மறுநாளே ஆளு விட்டுத் தோண்டித் தாரேன்."

"சத்தியமா?"

"என் தொழில் மேல சத்தியம். போதுமா?"

போதும் என்று சொன்னேன்.

மாசி 6, புதன்

நடந்தேன்.

பாலத்தில் இன்னும் தண்டவாளக் கட்டை போடவில்லை. இரும்பின் மேல் ஒரு பலகை அகலத்துக்கு வழி. கீழே ஆறு, பார்த்தால் தலை சுற்றுகிற ஆழம். துரை தொப்பியைக் கழற்றி என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். வருத்தம் தெரிவிக்கிறார் என்றார் இன்னாசி. எதற்கு வருத்தம் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. படம் பிடிக்கிற பெட்டியின் கைப்பிடியைத் துரை சுற்றத் தொடங்கினார். காபிக்கொட்டை அரைக்கிற மாதிரி ஒரு சத்தம்.

"திரும்பிப் பாத்துரக் கூடாதும்மா. என்ன ஆனாலும்."

உன் பழைய கூடையைத் தலையில் வைத்து, ஒரு கையால் பிடித்து, மறு கையை வீசி நடந்தேன். நீ அப்படித்தான் நடப்பாய். நான் எப்போதும் இரண்டு கையாலும் பிடிக்கிறவள். நடுப்பாலத்தில் காற்று வந்து சேலையை அடித்தது. அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. நடந்து போகிறவள் நீ, நான் கரையில் நின்று உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று. அக்கரை வந்ததும் கூடையை இறக்க முடியவில்லை. அங்கே நின்ற ஆள்தான் இறக்கிவிட்டான்.

நாளைக்குத் தோண்டுவார்கள்.

மாசி 7

ஆள் வரவில்லை.

மாசி 8

வரவில்லை. மேஸ்திரி இஞ்சினீயர் துரையோடு போயிருக்கிறாராம்.

மாசி 11

ஆள் வந்தார்கள். நான் ஓடினேன். தோண்ட வந்த ஆட்கள் இல்லை, மேடு தட்ட வந்தவர்கள்.

விழுந்த கல்லை அள்ளினால் மழைக்கு முன் வேலை முடியாதாம். அந்தக் கல்லே ஓடையை அடைத்துக்கொண்டு கரை மாதிரி நிற்கிறதே, மேலே சமமாக்கி அதன் மீதே தண்டவாளம் போட்டுவிடலாம் என்று இஞ்சினீயர் முடிவு பண்ணிவிட்டார். ஓடைப்பக்கம் ஒரு பொந்து தெரிந்தது. நான் அதில் தலையை நுழைத்துப் "பூச்சி" என்று கூப்பிட்டேன். என்னை இழுத்துப் போட்டுவிட்டு, சமையல் முடிகிற நேரத்துக்குள் சுண்ணாம்பும் கல்லும் கொட்டி அடைத்துவிட்டார்கள்.

"தொழில் மேல சத்தியம் பண்ணுனீகளே!"

"தொழிலத்தான பாக்கேன்" என்றார் மேஸ்திரி. "மூணு தாலுகாவுக்கு ரயிலு வருது உலகம்மா. ஒருத்திக்காக நிக்குமா?"

மாசி 19, செவ்வாய்

இன்றைக்குப் படம் காட்டினார்கள். எடுத்தவரைக்கும் கழுவி உலர்த்தி, கூலிகளும் பார்க்கட்டும் என்று துரை ஏற்பாடு. இரண்டு மூங்கிலில் வெள்ளைத் துணி கட்டி, இருட்டியதும் ஒரு சின்ன இஞ்சினை ஓட விட்டு விளக்கு ஏற்றினார்கள். படம் பேசாது. அதனால் துணிக்குப் பக்கத்தில் நின்று இன்னாசிதான் கதை சொன்னார். முன்பு ஊர் ஊராகக் கொட்டகையில் படத்துக்கு விளக்கம் சொன்னவராம். நல்ல குரல்.

"பாருங்கள் மகாஜனங்களே! காடாய்க் கிடந்த மலை! இதோ வருகிறாள் நமது வீராங்கனை மாடத்தி!"

உன்னை மாடத்தி என்று நான் கூப்பிட்டே எத்தனை வருஷமோ. எல்லாரும் விசில் அடித்தார்கள். நீ வந்தாய். துணி முழுக்க உன் முகம். மூக்கில் வேர்வை. காது ஓரத்து முடி பறக்கிறது. ரயில்முத்து கையை நீட்டி உன்னைப் பிடிக்கப் பார்த்தான். சொர்ணத்தாயி என் முட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு வெட்டுவாய். நீ காலிக் கூடையோடு பெட்டியைப் பார்த்து நின்றாய். உனக்குப் பின்னால் ஒரு ஆள் இல்லை. வெறும் பாறை, தூரத்தில் கம்பம். கம்பத்தில் ஒரு கறுப்புத் துணி படபடத்தது. நீ பின்னால் கையைக் காட்டி என்னவோ சொன்னாய். மறுபடியும் சொன்னாய். அப்புறம் சிரித்துவிட்டுத் திரும்பி உள்ளே நடந்தாய்.

அந்த இடத்தில் மட்டும் இன்னாசிக்குக் குரல் வரவில்லை. சின்ன இஞ்சின் ஓடுகிற சத்தம்தான் கேட்டது.

அடுத்தது புகை. அதற்கடுத்தது பாலம். கட்டச் சேலை, ஒரு கையில் கூடை, காற்றில் பறக்கிற முந்தி. "வெற்றி! அக்கரை சேர்ந்தாள் நம் மாடத்தி!" என்று இன்னாசி எங்கேயோ பார்த்துக்கொண்டு கத்தினார். ஜனங்கள் கை தட்டினார்கள். நானும் ஒரு கணம் நம்பிவிட்டேன், பூச்சி. நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று.

படம் முடிந்ததும் இன்னாசியிடம் கேட்டேன். "சேலை கறுப்பில்லையே, ஏன் கறுப்பாத் தெரியுது?"

"செவப்பு அப்படித்தாம்மா தெரியும். படத்துல செவப்பு கறுத்துப் போயிரும்."

கம்பத்தைப் பற்றி நான் கேட்கவில்லை.

மாசி 20

காலையில் இன்னாசி தானாகவே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நேத்து ராத்திரி பூராத் தூக்கமில்லம்மா."

"படத்துல அவ என்ன சொன்னா?"

வாசல் கம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார். "'கொடி ஏறிருக்கே அய்யா'ன்னு சொன்னா. ரெண்டு தடவை சொன்னா. துரைக்குப் புகையும் அவளும் ஒண்ணா வேணும். உள்ள போயிட்டு ஓடி வரச் சொல்லு, நேரம் இருக்குன்னாரு. நான் அதைத் தமிழ்ல சொன்னேன். அவ்வளவுதாம்மா. தமிழ்ல சொன்னேன்."

அதற்குத்தான் நீ சிரித்திருக்கிறாய். பெரியவர்கள் சொன்னால் மாட்டேன் என்று சொல்லத் தெரியாமல் சிரிக்கிற சிரிப்பு. எனக்குத் தெரியாதா அது.

அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். செம்பைக் கழுவி வைத்துவிட்டுக் கல் உடைக்கப் போனேன்.

மாசி 23, சனி

யாரோ சொல்லி, விசாரணைக்கு ஒரு அதிகாரி ஐயா வந்தார். சொர்ணத்தாயி என்னைத் தள்ளிக்கொண்டு போனாள். ஐயாவுக்காகக் கூடாரத்தை இருட்டாக்கி, படத்தை இன்னொரு தரம் ஓட்டிக் காட்டினார்கள். வெட்டுவாயும் புகையும் வராமல், முதல் கூடையையும் பாலத்தையும் மட்டும் ஓட்டினார்கள். இன்னாசி பேசவில்லை. மேஸ்திரி பேசினார்.

"மலை சரிஞ்சது தை ஒம்பது எசமான். பாலத்துல இரும்பு பூட்டுனது மாசி பொறந்து. செத்தவ எப்படி எசமான் மாசில பாலத்துல நடப்பா?"

"ஐயா, அது நான்" என்றேன். "முன்ன எடுத்ததுல வாரது எம் மவ. பாலத்துல போறது நான்."

அவர் என்னையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. "உன் முகம் தெரியலையேம்மா. முதுகை வெச்சு நான் என்னன்னு எழுதுறது?"

"சேலையப் பாருங்க எசமான். அவ கட்டியிருந்த அதே சேலை" என்றார் மேஸ்திரி.

இன்னாசியைப் பார்த்தேன். அவர் துரையைப் பார்த்தார். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஐயா எழுதிக்கொண்டு போய்விட்டார். இப்போது புதிதாக வந்திருக்கிற கூலிப் பெண்கள் என்னிடம், "உம் மவ அக்கரைல சௌக்கியமா இருக்காளாமே" என்று விசாரிக்கிறார்கள். ஒருத்தி, மாப்பிள்ளை எந்த ஊர் என்று கேட்டாள்.

பங்குனி 1, ஞாயிறு

உன் மேல் தண்டவாளம் போட்டுவிட்டார்கள்.

பங்குனி 3

கூலிக் குடிசைகள் எல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம் போகின்றன. நான் வரவில்லை என்றேன். வெட்டுவாய் கரையில் போட ஜல்லி வேண்டும், நான் இங்கேயே உட்கார்ந்து உடைத்துக் கொடுக்கிறேன், குவியலுக்குக் காவலாகவும் இருப்பேன் என்றேன். மேஸ்திரி உடனே சரி என்றார். என் முகம் எதிரே இல்லாமல் இருந்தால் அவருக்கும் நிம்மதி. ஒரு கடப்பாரையும் சம்மட்டியும் கொடுத்தார். ஒரு சிவப்புக் கொடியும் கொடுத்தார். பாதையில் கல் சரிந்து கிடந்தால் தள்ளுவண்டிக்குக் காட்ட வேண்டுமாம்.

"கொடியப் பாத்தா நிப்பாகளா மேஸ்திரி?" என்று கேட்டேன்.

"நிக்காம? அதான சட்டம்."

பங்குனி 5

ஓடைப்பக்கம் இறங்கி, சுண்ணாம்பு பூசாத இடமாகப் பார்த்து ஒரு கல்லை நெம்பினேன். வந்தது. அதற்குப் பின்னால் இருந்ததும் வந்தது. இரண்டையும் மேலே தூக்கி வந்து உடைத்து ஜல்லியாக்கினேன்.

பங்குனி 8

நல்ல வெயில். இந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லை. காலையில் ஒரு தரம் கூடைக்காரர்கள் வந்து நான் உடைத்த ஜல்லியை அள்ளி, தண்டவாளத்துக்கு நடுவே கொட்டி இறுக்கிவிட்டுப் போகிறார்கள். கீழேயிருந்து எடுத்தது மேலே போகிறது. மேஸ்திரி தள்ளுவண்டியில் வந்து குவியலைப் பார்த்து, "நாலு ஆளு வேலை பாக்கியே உலகம்மா, பித்துத் தெளிஞ்சிருச்சா?" என்றார்.

தெளிந்துவிட்டது என்றேன்.

பங்குனி 10

இப்போது குனிந்தால் இடுப்பு வரை உள்ளே போகிறது. குளிர்ச்சியாக இருக்கிறது, பூச்சி. வெளியே இருக்கிற வெயிலுக்கு உள்ளே நல்லா இருக்கிறது. நீ வெயில் தாங்காதவள்.

பங்குனி 12

தள்ளுவண்டி மேலே போகும்போது நான் உள்ளே இருந்தேன். தண்டவாளக் கட்டை கொஞ்சம் தாழ்ந்து எழுந்தது. என் கழுத்தில் பொடிக் கல் உதிர்ந்தது. தள்ளுவண்டிக்கே அப்படி. கரை இறுகட்டும் என்று இதுவரை இஞ்சினை இந்தப் பக்கம் விடவில்லை.

மழை வரும்போல மூட்டம் போட்டிருக்கிறது. விறகை உள்ளே எடுத்து வைத்தேன்.

பங்குனி 14, சனி

சும்மாடு கிடைத்துவிட்டது.

கட்டம் போட்ட துணி, உருட்டிச் சுற்றினது. ஓரத்தில் நீ போட்ட முடிச்சு அப்படியே இருக்கிறது. முகர்ந்து பார்த்தேன். மண் வாசம்தான். அதற்கு அப்பால் ஒரு பெரிய கல் சாய்ந்து நிற்கிறது. அதன் இடுக்கில் கையை விட்டால் துணி தட்டுப்படுகிறது. இழுத்தால் வரவில்லை. யாரோ பிடித்திருக்கிற மாதிரி இருக்கிறது.

அந்தக் கல்லை எடுக்க வேண்டும். அதுதான் மேலே உள்ளதைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது என்று நினைக்கிறேன்.

பங்குனி 15, ஞாயிறு

மத்தியானம் சொர்ணத்தாயி பாலத்தைத் தாண்டி நடந்தே வந்தாள். தலையில் எண்ணெய், கண்ணில் மை. ரயில்முத்துவுக்கும் கன்னத்தில் ஒரு பொட்டு.

"மைனி, நாளைக்குக் காலைல வண்டி! மொத வண்டி! கூலியாளு அம்புட்டுப் பேரையும் வெட்டுவாய்க்கு அப்பால நடத்திக் கூட்டிட்டுப் போயி, தெறந்த வண்டில ஏத்தி, இந்த வழியா பாலத்துக்குக் கொண்டாறாவ. பொம்பள பிள்ளையெல்லாம் கையாட்டணுமாம். படத்துக்கு. துரை இஞ்சினு மூக்குலயே பெட்டியக் கட்டி உக்காந்து வாராராம், இன்னாசியும் பக்கத்துல. நீயும் வா. எம் பக்கத்துல உக்காந்துக்கோ."

"நீ போவாத" என்றேன்.

"ஏன்?"

"பிள்ளைக்குக் காத்தடிக்கும்."

"போ மைனி. எம் புருசன் துளை போட்ட பாதை. எம் மவன் பேரே ரயிலு. அவன் ஏறாம யாரு ஏறுவா?" அவள் சிரித்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். நகமெல்லாம் போயிருக்கிறது. "இதென்ன மைனி?"

"ஜல்லி" என்றேன்.

போகும்போது ரயில்முத்து என் மூக்குத்தியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவன் விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது.

அவள் போன பிறகு உள்ளே இறங்கிப் பார்த்தேன். எடுத்த கல்லைத் திரும்ப வைக்க முடியாது. எல்லாவற்றையும் நானே ஜல்லியாக்கி மேலே அனுப்பிவிட்டேன். ஓடையில் முழுக்கல்லாக ஒன்றுகூட மிச்சமில்லை. அந்தப் பெரிய கல் மட்டும் சாய்ந்து நிற்கிறது. அதன் மேல் காதை வைத்துக் கேட்டேன்.

நாளைக்கு நான் கொடியைக் காட்டினால் வண்டி நிற்கும். அதுதான் சட்டமாம். நின்றால் இறங்கிப் பார்ப்பார்கள். பார்த்தால் சமையல் முடிகிற நேரத்துக்குள் சுண்ணாம்பும் கல்லும் கொட்டி உன்னோடு சேர்த்து அடைத்துவிடுவார்கள். பிறகு எந்தக் கடப்பாரையும் நுழையாது. நீ அக்கரையில் சௌக்கியமாக இருப்பாய், படத்தில் இருக்கிற மாதிரி.

காட்டாவிட்டால் கரை சரியும். சரிந்தால் தோண்டுவார்கள். அத்தனை பேருக்காகத் தோண்டாமல் இருக்க முடியாது. துரைக்காகவாவது தோண்டுவார்கள். தோண்டும்போது நீயும் வருவாய்.

இதை எழுதினது என் கைதானா என்று ஒரு தரம் திரும்பப் படித்தேன். என் எழுத்துத்தான்.

பொழுது இறங்குகிறது. கஞ்சிச் சட்டியைக் கவிழ்த்து வைத்தேன். உன் சும்மாடு மடியில் இருக்கிறது. கொடி அடுப்பு ஓரத்தில் சாத்தியிருக்கிறது. அடுப்பு வெளிச்சத்தில் நல்ல சிவப்பாகத்தான் தெரிகிறது. யார் பார்த்தாலும் தெரியும்.

கொடி ஏறியிருக்கே என்று நீ இரண்டு தடவை சொன்னாய். ஒருவரும் கேட்கவில்லை. நான் உன்னைக் கேட்கிறேன். பூச்சி, காலையில் அதை எடுக்கட்டுமா, வேண்டாமா?